நாற்பத்திரண்டு படிகள்

யூனிஸுக்குக் குறிப்பாணை வந்ததற்குக் காரணம், அவள் ஒரு குழந்தையைப் பிறக்கவிட்டதுதான்.

பம்மலில், ஒரு ஷேர் ஆட்டோவில் அது பிறந்தது. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி வந்துவிட்டிருந்தது. மீதிப் பாதியை ஆம்புலன்ஸில் ஏறிவந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று அந்தத் தாயிடம் சொல்ல யூனிஸுக்கு வாய் வரவில்லை. ஆட்டோவிலிருந்த மற்ற ஏழு பேரையும் இறக்கிவிட்டாள். இறங்கிய பெண்களிடம் துப்பட்டாக்களை வாங்கி இரண்டு பக்கமும் திரை கட்டினாள். பத்தாவது நிமிடம் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை, மூன்று கிலோ. தாயும் சேயும் நலம்.

இது நடந்து பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. அனுப்பியது சேலையூரில் நான்கு மாடிக் கட்டடத்தில் இயங்கும் ‘உயிர்வேலி அவசர மருத்துவப் பயிற்சி மற்றும் தரநிர்ணய மையம்’. யூனிஸ் இருந்த தனியார் ஆம்புலன்ஸ் சேவையில் வேலை செய்கிற எல்லோருக்கும் சான்றிதழ் கொடுப்பதும், கொடுத்ததைப் பிடுங்குவதும் இந்த மையம்தான்.

“பிரசவமானது நான்கு சக்கர ஊர்தியிலோ நிலையான கட்டடத்திலோ நிகழ வேண்டும் என்ற விதிக்கு மாறாக, மூன்று சக்கர ஊர்தியில் நிகழ்ந்துள்ளது. நாற்பத்திரண்டு படிகளில் பதினோரு படிகள் மட்டுமே பின்பற்றப்பட்டுள்ளன. தாயும் சேயும் நலமாக இருப்பது இவ்விலகலை நியாயப்படுத்தாது. எனவே தாங்கள் ஐந்து நாள் மறுபயிற்சிக்கு ஆஜராக வேண்டும்.”

யூனிஸின் கணவன் எபி அதை இரண்டு முறை படித்தான். “குழந்தை நல்லாதானே இருக்கு?” என்றான்.

“நல்லா இருக்கு. நேத்துகூட அவங்க அப்பா போன் பண்ணினார்.”

“அப்போ எதுக்கு?”

“தெரியல. போனாத்தான் தெரியும்” என்றாள் யூனிஸ். ஆறு வருடமாக ஆம்புலன்ஸில் டெக்னீஷியனாக இருப்பவள். எதற்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

மையத்தின் வரவேற்பறையில் பித்தளை எழுத்தில் ஒரு வாசகம் பதித்திருந்தார்கள்: ‘ஒன்பது ஆண்டுகள். ஓர் உயிரிழப்பும் இல்லை.’ அது முழு உண்மை. அங்கே சிகிச்சை பெற்ற ஒரே நோயாளி பொன்னுசாமி. ரப்பரில் செய்த பொம்மை.

பெட்டியைப் பிரித்த அன்று இருப்புப் பதிவேட்டில் ‘நோயாளி பெயர்’ என்றொரு கட்டம் இருந்ததால், பண்டகக் காப்பாளர் வேறு பெயர் தோன்றாமல் தன் பெயரையே எழுதிவிட்டு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். பொம்மைப் பொன்னுசாமிக்கு வயது நாற்பத்தைந்து, எடை ஒன்பது கிலோ. இடுப்பு வரைக்கும்தான் இருந்தார். அதற்குக் கீழே அவரை வாங்கவில்லை. ஒன்பது வருடத்தில் பதினோராயிரம் தடவை இறந்து பதினோராயிரம் தடவையும் பிழைத்தவர். ஒரு முறைகூட வாந்தி எடுத்ததில்லை. வேட்டி அவிழ்ந்ததில்லை. ‘நீதான் வந்தியா, பெரிய டாக்டர் யாரும் வரலையா’ என்று கேட்டதில்லை.

மையத்தின் இயக்குநர் முனைவர் ஸ்ரீரங்கன். முனைவர் பட்டம் கிடங்கு மேலாண்மையில் வாங்கியது. எப்போதும் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் விசில். முதல் நாள் காலை அவர் வரவேற்புரை ஆற்றினார். வரவேற்கப்பட வேண்டியவள் யூனிஸ் ஒருத்திதான் என்றாலும் மைக் பிடித்துத்தான் பேசினார்.

“அம்மா, உயிர் போவது இயற்கை. அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாகப் போவது அலட்சியம். அதைத் தடுக்கத்தான் நாம் இருக்கிறோம். நோயாளி இன்றைக்கு இருப்பார், நாளைக்குப் போவார். படிவம் பத்து வருடம் இருக்கும். எதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.”

யூனிஸ் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பயிற்சி கொடுத்தவன் பிரணவ். இருபத்து நான்கு வயது. மையத்தின் மூன்று தேர்வுகளிலும் முதலிடம் பெற்று, வாங்கிய கையோடு பயிற்சியாளராகச் சேர்ந்துகொண்டவன். ஆம்புலன்ஸில் ஏறியதே இல்லை. இதை இயக்குநர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. “களத்துக்குப் போனவர்களுக்குக் கை கெட்டுப்போய்விடுகிறது. பிரணவுடைய பயிற்சி கலப்படமில்லாதது” என்று பெருமையோடு சொன்னார். பிரணவ் நல்ல பையன். யூனிஸை அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

“முதல் படி அக்கா. நோயாளியிடமிருந்து ஆறடி தள்ளி நிக்கணும். நாலு திசையும் பார்க்கணும். வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டிக்கிட்டே, ‘சூழல் பாதுகாப்பானது’ன்னு மூணு தடவை சொல்லணும்.”

“யார்கிட்ட சொல்லணும்?”

பிரணவ் கையேட்டைப் புரட்டிப் பார்த்தான். “அது போடலக்கா. பொதுவா சொல்லிடுங்க.”

ஏழாம் படியில் நோயாளியிடம் தன் பெயரையும் பதவியையும் சொல்லி ஒப்புதல் கேட்க வேண்டும். நோயாளி பத்து விநாடி பேசாமலிருந்தால் ஒப்புக்கொண்டதாகப் பொருள். பொன்னுசாமி எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். நாற்பத்திரண்டாம் படி, நோயாளிக்கு நன்றி சொல்லி விடைபெறுவது. முழுவதையும் ஒழுங்காகச் செய்தால் பத்தொன்பது நிமிடம் ஆகும்.

செய்முறைத் தேர்வில் பிரணவ் நிலைமையைப் படித்துக் காட்டினான்: “பொன்னுசாமி, வயது நாற்பத்தைந்து, திடீர்னு சரிஞ்சு விழுந்துட்டார். மூச்சு இல்ல, நாடி இல்ல.” சொல்லி முடிப்பதற்குள் யூனிஸ் மண்டி போட்டாயிற்று. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு மார்பை அழுத்த ஆரம்பித்தாள். முப்பது எண்ணுவதற்குள் பிரணவ் மணியடித்தான்.

“அக்கா, முதல் ஒன்பது படியையும் விட்டுட்டீங்க.”

“மூச்சு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். ஆனா அது உங்களுக்குப் பத்தாவது படியிலதான் தெரியவரணும்.”

பொன்னுசாமி பிழைத்தார். யூனிஸ் தோற்றுப்போனாள்.

அன்று சாயங்காலம் அவளை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். களத்தில் என்ன சிரமம் என்று அவர் கேட்டதும் யூனிஸ் உள்ளதைச் சொன்னாள். “சார், நாங்க போற இடத்துல படிக்கட்டு இருக்கும். லிஃப்ட் இருக்காது. சொந்தக்காரங்க இருபது பேர் சுத்தி நிப்பாங்க. அதையும் வச்சுப் பயிற்சி கொடுத்தா நல்லாருக்கும்.”

ஸ்ரீரங்கன் ஆலோசனைகளை வரவேற்பவர். மறுநாளே இரண்டும் ஏற்பாடாகிவிட்டன. வழவழவென்றிருந்த தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டுப் படிக்கட்டு வரைந்திருந்தார்கள். மொத்தம் மூன்று மாடி. பொன்னுசாமியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு யூனிஸ் அந்தப் படிக்கட்டில் இறங்கினாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோட்டை மிதித்துவிட்டதற்காக இரண்டு மதிப்பெண் போயிற்று.

உறவினர்களாக வரவேற்பறைப் பெண்ணும் தோட்டக்காரரும் இரண்டு குமாஸ்தாக்களும் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். பிரணவ் கைதட்டியதும் நான்கு பேரும் முப்பது விநாடி அழுதார்கள். “தயவுசெய்து விலகி நில்லுங்கள்” என்று யூனிஸ் சொன்னதும் ஒரே சமயத்தில் இரண்டடி பின்னால் போனார்கள். ஆறு வருடத்தில் அவள் அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. தோட்டக்காரர் மட்டும் அழுகையை உடனே நிறுத்த முடியாமல் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் முடிவில் யூனிஸ் மறுபடியும் தோற்றாள். அவள் சரியில்லையா, அவள் வேலை செய்கிற இடம் சரியில்லையா என்று மையத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. இயக்குநர் தானே நேரில் வந்து களத் தர ஆய்வு செய்வதாக அறிவித்தார்.

*

ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்தது வைகாசி மாதத்து முகூர்த்த நாள். தாம்பரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்துக்குக் காலை ஒன்பது மணிக்கே கோட்டும் விசிலுமாக வந்து இறங்கினார். கூடவே பிரணவ், தொண்ணூறு பக்கப் படிவத்தோடு.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற சக்திவேல் யூனிஸின் காதருகே வந்தான். “இன்னா சிஸ்டர், இந்த வெயில்ல கோட்டு போட்டுக்கினு வந்துகீறாரு. சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஆய்வு பண்ண வந்திருக்காருண்ணா.”

“யாரை?”

“நம்மளத்தான்.”

வந்ததும் இயக்குநர் செய்த முதல் வேலை, யூனிஸின் மருந்துப் பைக்கு அரக்கு முத்திரை வைத்தது. ஆய்வு நாளில் பையைத் திறப்பதென்றால் ஒன்பதாம் எண் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறக்க வேண்டும். இருப்பு குறையாமல் இருக்க இதுதான் வழி என்றார். கிடங்கில் இந்த முறை நன்றாக வேலை செய்திருக்கிறதாம்.

ஒன்பதேமுக்காலுக்கு அழைப்பு வந்தது. திருநீர்மலை, மலைமேல். கல்யாணப் பெண்ணின் அப்பா மயங்கிவிட்டார், வயது ஐம்பத்தெட்டு.

சக்திவேல் வண்டியை எடுத்தான். குரோம்பேட்டை தாண்டி நாகல்கேணி வழியாகத் திரும்பும்போது முன் ஸீட்டிலிருந்த இயக்குநர், “இந்த வழிக்கு அனுமதி இருக்கிறதா?” என்று கேட்டார்.

“அந்த ரோட்டாண்ட மூணு கல்யாண ஊர்வலம் போய்க்கினு கீது சார். அனுமதி வாங்கிக்கினு அப்டிக்கா போனா, மொத கொயந்தைக்கு காதுகுத்து முடிஞ்சப்பறம்தான் போய்ச் சேருவோம்.”

இயக்குநர் பிரணவைத் திரும்பிப் பார்த்தார். பிரணவ் ‘ஓட்டுநர் மனப்பான்மை’ என்ற கட்டத்தில் என்னவோ எழுதினான்.

மலையடிவாரத்தில் நிற்க இடமில்லை. முகூர்த்தம் முடிந்தவர்கள், முகூர்த்தத்துக்குக் காத்திருப்பவர்கள், சாப்பிட்டவர்கள், சாப்பிட இடம் தேடுகிறவர்கள் என்று ஒரே ஜனம். கீழே திறந்த மண்டபத்தில் வேறொரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. படியேறும் இடத்தில் ஒரு புகைப்படக்காரர் ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டு, “ஆம்புலன்ஸ் ஃப்ரேம்ல வருது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க” என்றார். சக்திவேல் அவரைப் பார்த்த பார்வையில் ட்ரோனே கொஞ்சம் கீழிறங்கியது.

ஸ்ரீரங்கன் மலையை அண்ணாந்து பார்த்தார். படிகள் போய்க்கொண்டே இருந்தன.

“சூழல் பாதுகாப்பானதாக இல்லை” என்றார். “கூட்டம். உயரம். தலைக்கு மேலே ஒரு இயந்திரம். கையேட்டின்படி, சூழல் பாதுகாப்பாகும்வரை மீட்பாளர் காத்திருக்க வேண்டும்.”

“எதுவரைக்கும் சார்?” என்றாள் யூனிஸ்.

“அதுவரைக்கும்தான்.”

“சார், முகூர்த்த நாளு. கூட்டம் சாயங்காலம்தான் குறையும். அவர் மேல கிடக்கறார்.”

“நான் சூழலைப் பாதுகாப்பாக்குகிறேன். நீங்கள் நில்லுங்கள்.”

யூனிஸ் நிற்கவில்லை. முத்திரை வைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேற ஆரம்பித்துவிட்டாள். பின்னால் விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் கீழே நடந்ததைச் சக்திவேல் சொல்லித்தான் அவள் பிற்பாடு தெரிந்துகொண்டாள்.

நடந்தது இதுதான். கூட்டத்தை விலக்க இயக்குநர் ஒரு மேடான கல்லில் ஏறி நின்றார். பலமாக விசில் ஊதினார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், முதல் படியில் விதித்தபடி வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார். மண்டபத்தில் நாகஸ்வரமும் தவிலுமாக உட்கார்ந்திருந்தவர்கள் காலையிலிருந்து அப்படியொரு விரலுக்காகத்தான் காத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் விரலை ஆட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெட்டிமேளம் பிளந்துகட்டியது. பெண்கள் எழுந்து அட்சதை போட்டார்கள். மாப்பிள்ளை ரொம்ப நேரமாகவே பதற்றத்தில் இருந்தவன். கையிலிருந்த தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டேவிட்டான். நல்ல நேரத்துக்கு இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது.

சாஸ்திரிகள் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்ணின் பெரியப்பா, “விரலை ஆட்டினது எந்த நாயிடா?” என்று கேட்டுக்கொண்டே மண்டபத்தை விட்டு வெளியே வந்தார். அவர் கேட்ட தோரணையைப் பார்த்துவிட்டு, மேலே போய் நோயாளியைப் பார்ப்பதுதான் தன் கடமை என்று இயக்குநர் முடிவு செய்தார். வெகு வேகமாகப் படியேறினார்.

*

மலைமேல் கோயில் வாசலில் தட்சிணாமூர்த்தி படுத்திருந்தார். முடிச்சூரில் மனை வாங்கி விற்கிறவர். சட்டை வேர்வையில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தாலும் யாரையும் பார்க்கவில்லை. சுற்றி முப்பது பேர். ஒருவர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். ஒருவர் விசிறினார். ஒருவர் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார். நாலைந்து பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். கல்யாணக் கோலத்தில் மகள் தேவதர்ஷினி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, “அப்பா, அப்பா” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

யூனிஸ் ‘விலகி நில்லுங்கள்’ என்று சொல்லவில்லை. அது பலிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆளுக்கொரு வேலை கொடுத்தாள்.

“அண்ணா, சோடா வேண்டாம், புரையேறிடும். நீங்க ஒரு டம்ளர் நல்ல தண்ணி கொண்டாங்க. விசிறுறவங்க விசிறுங்க. சாவி வச்சிருக்கற அண்ணா, கீழ போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துட்டு வாங்க, கை வச்ச நாற்காலி. படம் எடுக்கறவங்க எல்லாரும் அந்தப் பக்கம் இவர்மேல வெயில் படாம வரிசையா நில்லுங்க. நிழல் வேணும்.”

ஒரே நிமிடத்தில் வழி பிறந்தது. யூனிஸ் கல்யாணப் பெண்ணின் அம்மா பக்கம் திரும்பினாள். “அம்மா, அவருக்குச் சர்க்கரை இருக்கா?”

“பன்னெண்டு வருஷமா இருக்கும்மா” என்றாள் தையல்நாயகி. “விடியக்காலம் ஊசி போட்டுக்கிட்டாரு. அப்பறம் ஒண்ணும் சாப்பிடல. பெருமாளைப் பார்த்துட்டு வந்துதான் சாப்பாடுன்னுட்டாரு. நான் சொன்னேன், கேக்கல.”

யூனிஸுக்குப் புரிந்துவிட்டது. பையைத் திறக்கப் போனாள். சிவப்பு அரக்கு. அதன் மேல் ஸ்ரீரங்கனின் முத்திரை. ஒன்பதாம் எண் படிவம் கீழே பிரணவிடம் இருந்தது. பிரணவும் கீழே இருந்தான்.

தட்சிணாமூர்த்தியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு ஏதோ சொல்ல வந்து குழறியது. தேவதர்ஷினி நிமிர்ந்து யூனிஸைப் பார்த்தாள்.

யூனிஸ் முத்திரையைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். அரக்கு கசந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாள். எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை முப்பத்தாறு. குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து, அவரை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“ஐயா, நான் சொல்றது கேக்குதா?” அவர் லேசாகத் தலையாட்டினார். “முழுங்குங்க. ஒரு வாய். அவ்வளவுதான்.”

முதல் வாய் பாதி வெளியே வழிந்தது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதுக்கு அவராகவே வாய் திறந்தார். பத்து நிமிடம் கழித்துத் தட்சிணாமூர்த்தி கண்ணை நன்றாகத் திறந்து, மனைவியைப் பார்த்து, மகளைப் பார்த்து, தான் சாய்ந்திருந்த புதுத் தோளையும் பார்த்தார்.

“பந்தியில அப்பளம் வந்துச்சா?” என்றார்.

தையல்நாயகி அப்போதுதான் அழுதாள்.

அவரைக் கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து அங்கவஸ்திரத்தால் இடுப்பைக் கட்டியாயிற்று. யார் தூக்குவது என்பதில் ஒரு சிக்கல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தியைத் தூக்கினால் மரியாதையாக இருக்குமா என்று ஒருவர் கேட்டார். தூக்காவிட்டால் மட்டும் மரியாதையா என்று இன்னொருவர் கேட்டார். “முன்கால் ரெண்டும் பொண்ணு வீடு, பின்கால் ரெண்டும் மாப்பிள்ளை வீடு. தூக்குங்க” என்றாள் யூனிஸ். அதில் இரண்டு பக்கத்துக்கும் திருப்தி.

பாதி வழி இறங்கியதும் படியோரமாக வெள்ளைக் கோட்டு தெரிந்தது. இயக்குநர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேகமாக ஏறியதில் கால் பிசகிவிட்டது. அவரிடமிருந்து ஆறடி தள்ளிப் பிரணவ் நின்றுகொண்டிருந்தான். அவன் விரல் மேலே இருந்தது.

“சூழல் பாதுகாப்பானது. சூழல் பாதுகாப்பானது.”

“பிரணவ், வந்து தூக்குப்பா. வீங்குது.”

“ஒரு நிமிஷம் சார். சூழல் பாதுகாப்பானது. வணக்கம், என் பெயர் பிரணவ், நான் சான்று பெற்ற மீட்பாளர். நான் உங்களைத் தொடலாமா?”

“தொட்டுத் தொலைடா.”

பிரணவ் கட்டத்தில் எழுதினான். “உங்க முழுப் பெயர் சார்?”

“என் பெயர் உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். ஆனா நோயாளி சொல்லணும்.”

யூனிஸ் நாற்காலியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் போனாள். “பிரணவ், படிவத்தைக் கீழ வை. காலைப் பாரு.”

பிரணவ் தயங்கினான். “அக்கா, எனக்குக் கால் தெரியாதுக்கா” என்றான் மெதுவாக. “பொன்னுசாமிக்குக் கால் இல்ல. அந்தப் பகுதி நாங்க எடுக்கவே இல்ல.”

யூனிஸ் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, அந்தக் காலைப் பிடித்து, எப்படித் தாங்குவது, எங்கே துணி சுற்றுவது, கட்டு இறுகிவிட்டதா என்று விரல் நுனியில் எப்படிப் பார்ப்பது என்று காட்டினாள். அவன் போட்ட கட்டு நன்றாகவே வந்தது. ஒரு உயிருள்ள மனிதரை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை. “சூடா இருக்குக்கா” என்றான் ஆச்சரியத்தோடு.

இயக்குநரைத் தட்சிணாமூர்த்தியின் தம்பி ஒருவர் உப்புமூட்டையாக முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில் விரலுக்கு உரியவரைத் தேடிக்கொண்டிருந்த பெரியப்பா, முதுகில் வருகிற வெள்ளைக் கோட்டைக் கல்யாணத்துக்கு வந்த டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டு வழிவிட்டார்.

*

தட்சிணாமூர்த்தி அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஆய்வறிக்கை வந்தது. இயக்குநர் கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு, ஊழியர்களைக் கூட்டி அதை வாசித்தார். யூனிஸ் தன் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நம் பயிற்சிக்கும் களத்துக்கும் இடைவெளி இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். ஏற்கிறேன். இடைவெளி இருக்கிறது. தவறு யாருடையது? நம் பயிற்சியில் ஒரு பிழையும் இல்லை. ஒன்பது ஆண்டு ஆதாரம் இருக்கிறது. யூனிஸ் அம்மாவிடமும் பிழை இல்லை என்று பெருந்தன்மையோடு சொல்கிறேன். பிழை நோயாளிகளிடம் இருக்கிறது. அவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் மயங்கி விழுகிறார்கள். கண்ட இடத்தில் விழுகிறார்கள். மலைமேல் விழுகிறார்கள். குப்புற விழுகிறார்கள். இதை எத்தனை நாள் பொறுப்பது?”

எல்லோரும் கைதட்டினார்கள். பிரணவ் மட்டும் தட்டவில்லை. அவன் முந்தின நாள்தான் ஆம்புலன்ஸ் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தான்.

இப்படியாகப் பொதுமக்களுக்கான நோயாளிப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. அதற்கொரு கையேடு அச்சிட்டார்கள். தரைத் தளத்தில் மட்டும் மயங்கி விழவும். மல்லாந்து விழவும். சுற்றிலும் மூன்றடி காலியாக இருக்கும்படி இடம் பார்த்து விழவும். அடையாள அட்டையைச் சட்டைப் பையில், எழுத்து வெளியே தெரியும்படி வைக்கவும். உறவினர் ஒருவருக்கு மட்டுமே அனுமதி. முதல் வகுப்பு முடிச்சூரில், குடியிருப்போர் நலச்சங்கக் கட்டடத்தில். வகுப்பு எடுக்க யூனிஸை நியமித்தார்கள். விழுந்தவர்களை அதிகம் பார்த்தவள் அவள்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அறுபத்து நான்கு பேர் வந்தார்கள். இயக்குநர் முதல் வரிசையில், ஒரு நாற்காலியில் தானும் இன்னொரு நாற்காலியில் காலுமாக உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். விழுந்து பழகத் தரையில் பாய்கள் விரித்திருந்தார்கள்.

யூனிஸ் கையேட்டை ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தாள். இயக்குநர் போன் பேச எழுந்து போகும்போதெல்லாம் கையேட்டை மூடிவிட்டுத் தன் பேச்சைப் பேசினாள். போன் பண்ணினதும் ஒருத்தர் தெருமுனைக்கு ஓடிப்போய் நிக்கணும், வண்டிக்கு வழி காட்டறதுக்கு. ஒருத்தர் கேட்டைத் திறந்து வச்சு, மறிச்சிருக்கிற பைக்கெல்லாம் நகர்த்தணும். ஒருத்தர் அவங்க சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரணும். மயக்கத்துல இருக்கறவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க. படம் எடுக்காதீங்க. ஊசி போட்டுக்கிட்டா சாப்பிட்டுடுங்க.

கடைசிச் செய்திக்கு எல்லோரும் தட்சிணாமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். “இப்பல்லாம் சரியா சாப்பிட்டுடறேன்மா” என்றார். அன்று மத்தியானம் மருமகன் வந்திருந்ததால் வீட்டில் கறிக்குழம்பு.

நான்கு மணிக்குச் செய்முறைத் தேர்வு என்று இயக்குநர் அறிவித்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். “ரோஸி டீச்சருக்கு மூச்சு விட முடியல. அடுத்த தெரு. மாடில இருக்காங்க.”

யூனிஸ் சக்திவேலுக்குப் போன் பண்ணிக்கொண்டே ஓடினாள். பின்னால் மொத்த வகுப்பும் எழுந்துவிட்டது. கூட்டமாக வந்து மறிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் அவர்கள் அவள் பின்னால் வரவில்லை. இரண்டு பேர் தெருமுனைக்கு ஓடினார்கள். நாலைந்து பேர் தெருவில் நின்ற பைக்குகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு காரையே ஆள்சேர்த்து ஓரமாகத் தள்ளினார்கள். அவள் மாடியேறும்போது டீச்சரின் மாத்திரைப் பையோடு ஒருவர் வாசலில் தயாராக நின்றார். ரோஸி டீச்சர் மல்லாந்து படுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். “அப்படியே உட்காருங்க டீச்சர், படுக்காதீங்க” என்றாள் யூனிஸ். ஆறாவது நிமிடம் சக்திவேல் வந்துவிட்டான். மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை ஏற ஏற, டீச்சரின் உதட்டில் நிறம் திரும்பியது. ஒரு செல்போன்கூட மேலே எழவில்லை.

“இன்னா சிஸ்டர், ரோட்டைத் தொடச்சி வச்ச மாதிரி கீது” என்றான் சக்திவேல். “யாராச்சும் மந்திரி வர்றாங்களா?”

கட்டடத்தில் முனைவர் ஸ்ரீரங்கன் தனியாக உட்கார்ந்திருந்தார். தேர்வுப் படிவத்தை எடுத்தார். ‘அனுமதியின்றி வெளியேறியோர்’ என்ற கட்டத்தில் அறுபத்து மூன்று என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். மூன்றாவது வரிசைக்குப் பின்னால், தரைத் தளத்தில், பாய்மேல், சுற்றிலும் மூன்றடி காலியாக, சட்டைப் பையில் அடையாள அட்டை எழுத்து வெளியே தெரிய, தட்சிணாமூர்த்தி மல்லாந்து கிடந்தார். கறிக்குழம்பு வேலை செய்துகொண்டிருந்தது. உறவினர் ஒருவரும் இல்லை.

இயக்குநர் நொண்டிக்கொண்டே அருகில் போய், ஆறடி தள்ளி நின்று, தொடலாமா என்று கேட்டார். பத்து விநாடி காத்திருந்தார். குறட்டை மட்டும் வந்தது.

நூற்றுக்கு நூறு போட்டார்.